குடத்து நீரின் விலை

கிராமத்து மக்கள் பாதுகாப்பான குடிநீருக்குப் பணம் தர முன்வருவார்களா? கடந்த நாற்பது ஆண்டுகளாகத் திட்ட அறிக்கைகளில் திரும்பத் திரும்ப எழுப்பப்படும் கேள்வி இது. நீர் இதுகாறும் அவர்களுக்கு இலவசமாகவே கிடைத்துவந்தது என்ற எண்ணம் இக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

ஆரணி, செய்யாறு, வெம்பாக்கம் வட்டாரத்து நெசவாளர் வீடுகளை எண்ணிப் பாருங்கள். தறியில் அமர்பவர் ஒருவர். அவருக்குத் தார் சுற்றித் தருபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். தார் சுற்ற வேண்டிய கை குடம் சுமக்கப் போனால் தறி நின்றுவிடும். இழந்த அந்தக் கூலியே நீரின் விலை. எந்தக் கணக்கேட்டிலும் அது ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகம் 1980இல் மேடையேறியது. மறு ஆண்டே கே. பாலசந்தர் அதைத் திரைப்படமாக்கினார். வறண்ட அத்திப்பட்டிக்குத் தொலைவிலிருந்து வண்டியில் நீர் வருகிறது. பின்னர் ஊரே கூடிக் கால்வாய் வெட்ட முனைகிறது; அரசு தடுக்கிறது. உழைப்பாக விலை கொடுக்க அம்மக்கள் அணியமாகவே இருந்தனர்.

நாடகம் உணர்த்தியதைப் பொருளியல் ஆய்வும் பின்னர் எட்டியது. கேரளக் கிராமங்களில் 1980களின் இறுதியில் நடத்தப்பட்டு 1993இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒரு நச்சுச் சுழலைக் காட்டியது. கட்டணம் மிகக் குறைவு; அதனால் வழங்கல் சீரில்லை; அதனால் இணைப்புப் பெறுவோர் சிலரே; அதனால் வருவாயும் இல்லை. நம்பத்தக்க குழாய்நீருக்குக் கூடுதலாகத் தரப் பல குடும்பங்கள் இசைந்தன. இணைப்புக்காக ஒரே தவணையில் கட்ட வேண்டிய தொகைதான் தடையாக நின்றது.

2002இல் தொடங்கிய சுவஜல்தாரா திட்டம் மூலதனச் செலவில் 10 விழுக்காட்டை மக்களிடம் கேட்டது. 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்து, ஊருக்குள் அமையும் கட்டமைப்புக்கு அதே 10 விழுக்காட்டைப் பங்களிப்பாகக் கொண்டது; மலைப்பகுதிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர் மிகுந்த ஊர்களுக்கும் 5 விழுக்காடு. பங்களிப்பு தவறன்று. ஆயினும் நீர் வருமுன் பணம் கேட்பது நம்பிக்கையைக் கடனாகக் கேட்பதாகும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகள் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்த வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘தருவார்களா’ என்று குடிசையிடம் கேட்பதற்கு முன், ‘யார் தர வேண்டும்’ என்று கேட்பதே முறை.