ட்ரம்ப் ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஒரே அறையில்.. சண்டை வராமல் பேச வைப்பது எப்படி?

2016 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்தது. டிசம்பரில், ஒஹாயோ மாகாணத்தின் சவுத் லெபனான் என்ற சிறிய ஊரில் 21 பேர் ஒன்றாக உட்கார்ந்தார்கள். 10 பேர் டொனால்ட் ட்ரம்ப் ஆதரவாளர்கள், 11 பேர் ஹிலாரி கிளின்டன் ஆதரவாளர்கள். தேர்தல் சூடு கொஞ்சமும் ஆறாத நேரம் அது. அந்த வார இறுதியில் நடந்த பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் இப்போது ‘பிரேவர் ஏஞ்சல்ஸ்’ என்று அழைக்கப்படும் அமைப்பு.

இந்தச் சந்திப்பை வடிவமைத்தவர் அரசியல்வாதி இல்லை. பில் டோஹெர்டி என்ற குடும்பநல ஆலோசகர், மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர். முறுக்கிக்கொண்டு நிற்கும் கணவன் மனைவியைப் பேச வைப்பதுதான் அவர் தொழில். அதே உத்தியைத்தான் இங்கேயும் கொண்டுவந்தார். ஒரு வித்தியாசம், இங்கே விவாகரத்துக்கு வழியே கிடையாது. தேர்தல் முடிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில்தானே இருப்பார்?

அறைக்குள் என்ன நடக்கும்?

குடியரசுக் கட்சி பக்கம் உள்ளவர்கள் ‘சிவப்பு’, ஜனநாயகக் கட்சி பக்கம் உள்ளவர்கள் ‘நீலம்’. முதலில் இரு தரப்பும் தனித்தனி அறைக்குப் போகும். ‘எதிர்த்தரப்பு நம்மைப் பற்றி என்ன நினைக்கிறது?’ என்று அவர்களே பட்டியல் போட வேண்டும். இனவெறியர்கள், ஏழைகள் மேல் அக்கறை இல்லாதவர்கள், தேசப்பற்று இல்லாதவர்கள் என்றெல்லாம் எழுதுவார்கள். அதில் எது தப்பு, உண்மை என்ன என்று விளக்குவார்கள். அது சுலபம். அடுத்த கேள்விதான் கஷ்டம்: ‘அந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சமாவது உண்மை இருக்கா?’ இதற்கான பதிலை எதிர்த்தரப்பு முன்னால் வாசிக்கணும்.

அடுத்து, ஒரு தரப்பு நடுவில் வட்டமாக உட்கார்ந்து பேசும். மற்ற தரப்பு சுற்றி உட்கார்ந்து கேட்கும். அவ்வளவுதான், குறுக்கே ஒரு வார்த்தை பேச முடியாது. (டிவி விவாதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் வினோதமாகத்தான் இருக்கும்.) நம் தரப்புக் கொள்கை நாட்டுக்கு ஏன் நல்லது என்று சொல்வதோடு, நம் தரப்பிடமே நமக்குப் பிடிக்காதது என்ன என்றும் சொல்லியாக வேண்டும். பிறகு இடம் மாறும்.

யாரையும் கட்சி மாற்றுவது நோக்கம் இல்லை. கருக்கலைப்பு, துப்பாக்கி உரிமை பற்றியெல்லாம் வந்தபோது இருந்த கருத்தோடேயே திரும்பலாம்.

பலன் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் ஒரு எல்லை வரை. இந்த முறையைக் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மேல் இருந்த வெறுப்பு இரு பக்கமும் குறைந்தது. ஆனால் சில விளைவுகள் நாளாக நாளாக மங்கிவிட்டன.

பெரிய சிக்கல், யார் வருகிறார்கள் என்பது. அமைப்பின் தலைமைப் பொறுப்புகளில் சிவப்புக்கும் நீலத்துக்கும் சரிபாதி என்பது விதி. கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு அப்படி விதி போட முடியாதே! நீலத் தரப்பினர் தாங்களாகவே வந்துவிடுகிறார்கள். சிவப்புத் தரப்பினரோ, ‘நம்மைத் திருத்தத்தான் கூப்பிடுறாங்க’ என்று தயங்குகிறார்கள். அதனால் பல ஊர்களில் நாற்காலி போடுவதைவிட, எதிர் வரிசைக்கு ஆள் தேடுவதுதான் பெரிய வேலை.