அம்பாசிடருக்கு எத்தனை பவுண்டு காத்து?

"காத்து எவ்ளோ சார்?"

பெட்ரோல் பங்க்ல இந்தக் கேள்வி வந்தா நம்மில் பாதிப்பேர் முழிப்போம். நான் முழிக்க மாட்டேன். கெத்தா "இருபத்திநாலு"ன்னு சொல்லுவேன். மாமனார் கொடுத்த 1986 அம்பாசிடர். அதோட புஸ்தகத்து அட்டையில அவர் கைப்பட பென்சில்ல எழுதி வச்ச நம்பர் அது. வேதவாக்கு!

அந்தக் கெத்து ஒரு மே மாச மத்தியானம், ஒத்தக்கடை தாண்டி வெள்ளரிப்பட்டி பக்கத்துல வெடிச்சது. கொட்டாம்பட்டியில கல்யாணம். வண்டிக்குள்ள ஆறு பேர், டிக்கி நிறைய சீர் சாமான். பின் டயர் டமார். வண்டி பாம்பு மாதிரி நெளிஞ்சு ஓரத்துல போய் நின்னது. பின்னால வந்த லாரிக்காரர் ஒடிச்சுப் போனதால இதை எழுதிக்கிட்டு இருக்கேன். அம்மா கல்யாண வீடு போற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

இதுல ஒரு வேடிக்கை. வெள்ளரிப்பட்டியில இருக்கறதே டயர் தொழிற்சாலைதான், டிவிஎஸ் ஸ்ரீசக்ரா. 1982-ல ஆரம்பிச்ச கம்பெனி, பைக் டயருக்குப் பேர் போனது. என் டயர் வேற, தப்பு முழுக்க என்னுது. ஆனா டயர் ஊர்லயே டயர் வெடிச்சு நின்ன ஆள் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன் :)

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த நம்பர் எங்கேர்ந்து வருது?

காத்தடைச்ச சக்கரத்துக்கு ராபர்ட் தாம்சன் 1845-லேயே பேடன்ட் வாங்கிட்டார். யாரும் சீண்டலை. 1888-ல பெல்பாஸ்ட்ல மாட்டு டாக்டர் டன்லப், மகனோட மூணு சக்கர சைக்கிளுக்காக அதையே திரும்பக் கண்டுபிடிச்சார். 1895-ல மிஷலின் சகோதரர்கள் பாரீஸ்-போர்டோ பந்தயத்துல காருக்கு மாட்டி, வழியெல்லாம் பஞ்சர் ஒட்டினாங்க. அன்னிக்கு டயர் ஒல்லி, அதனால அழுத்தம் அதிகம். போர்டு மாடல் டி-க்கு 60 பவுண்டு வரை அடிச்சாங்க. 1923-ல பயர்ஸ்டோன் குண்டு குண்டா 'பலூன்' டயர் கொண்டு வந்ததும் அது ஏறக்குறைய பாதியாச்சு. ஏன்னா வண்டியைச் சுமக்கறது ரப்பர் இல்லீங்க, உள்ளே இருக்கற காத்து. காத்துக்கு இடம் கூடினா அழுத்தம் குறையலாம்.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு. டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் விட ஆரம்பிச்ச காலத்துல ரோட்டுல மாட்டு லாடத்து ஆணியா கிடக்குமாம். அதைப் பொறுக்க காந்தம் கட்டி வண்டி ஓட்டினார்னு மதுரைப் பெருசுங்க சொல்லிக் கேட்டிருக்கேன். உலக யுத்தத்துல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்ப கரி வாயுவுல பஸ் ஓட்ட கேஸ் பிளான்ட் செஞ்சவர் அவர். 1942-ல மலேயா ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பருக்கும் பஞ்சம். தேய்ஞ்ச டயருக்கு மறுபடி பட்டை ஒட்டற ரீட்ரெடிங் தொழிலையும் அவர் தொடங்கினார். டயர்னா அன்னிக்குச் சொத்து. இன்னிக்கு நாம காத்து பார்க்கக்கூட சோம்பல்.

இப்ப மாமனார் நம்பர். அம்பாசிடர் 1950-கள் மோரிஸ் ஆக்ஸ்போர்டோட வாரிசு. அதுக்குப் பொருந்தினது 5.90-15 கிராஸ்-பிளை டயர். உள்ளே நூல் குறுக்கும் நெடுக்குமா ஓடும், பக்கச் சுவர் முரடு. நான் மாட்டியிருந்தது ரேடியல், மிஷலின் 1946-ல பேடன்ட் எடுத்த வகை. நூல் இந்த விளிம்புலேர்ந்து அந்த விளிம்புக்கு நேரா போகும், பக்கச் சுவர் மெது. மெதுவான சுவருக்குக் காத்து கூட வேணும். மாமனார் ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு டவுன்ஹால் ரோடு போனவர், அவருக்கு 24 சரி. நான் டயரை மாத்தினேன், ஆளை மூணு மடங்காக்கினேன், நம்பரை மட்டும் மாத்தலை. காத்து கம்மியான டயர் ஓட ஓட மடங்கி மடங்கிச் சூடேறும். அதுக்கு மேல மே மாசத் தார் ரோடு. வேற என்ன ஆகும்?

அடுத்து எதிர்ப்பக்கம் போனேன். டயர் ஓரத்துல அச்சடிச்ச நம்பரைப் பார்த்து அதையே அடிச்சேன். அது அதிகபட்சம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வண்டி குதிரை மாதிரி குதிச்சுது, அழகர்கோவில் ரோட்டுல மழைக்கு பிரேக் அடிச்சா வழுக்குச்சு.

கடைசியில கத்துக்கிட்டது இதுதான்:

சொந்தமா ஒரு கேஜ் வாங்கணும். ரெண்டு பங்க் மீட்டர் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

விடியக்காலை, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பார்க்கணும். 10 டிகிரி சூடு ஏறினா ஒன்றரை பவுண்டு ஏறும். மத்தியானம் கூட இருக்குன்னு இறக்கினா மறுநாள் கம்மி.

பொண்ணோட சாக்பீஸால டயர் பட்டையில குறுக்கே கோடு போட்டு நேரா நூறு மீட்டர் ஓட்டணும். நடுவுல மட்டும் அழிஞ்சா காத்து அதிகம். ரெண்டு ஓரம் மட்டும் அழிஞ்சா கம்மி.

அரைமணி நேரம் ஓட்டிட்டு மறுபடி பார்க்கணும். சுமார் 4 பவுண்டு ஏறியிருந்தா சரி. அதுக்கு மேல எகிறினா டயர் மடங்குதுன்னு அர்த்தம், காலையில கூட்டி வைக்கணும்.

என் வண்டிக்கு வந்த விடை: முன்னால 28, பின்னால 30. குடும்பத்தோட போனா பின்னால இன்னும் ரெண்டு.

புஸ்தகத்து அட்டையில மாமனாரோட 24-ஐ அழிக்கலை. அதுக்குக் கீழே என் நம்பரையும், எந்த டயர், எத்தனை பேருன்னும் பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். அடுத்து ஓட்டறவன் அவன் கணக்கை எழுதிக்கட்டும்.

டிஸ்கி: 28-30 என் வண்டிக்கு, என் டயருக்கு. அப்படியே காப்பியடிச்சீங்கன்னா நான் செஞ்ச அதே தப்பைச் செய்யறீங்க!