தெறிப்பலையில் புயலின் விரிவு: ஜி.பி.எஸ். அலைகளால் காற்றை அளத்தல்

வெப்பமண்டலப் புயலில் காற்று எங்கே மிகக் கடுமையோ அங்கேதான் மழையும் மிகக் கனம். கடற்காற்றை அளக்கும் கேயு (Ku) பட்டைச் சிதறல்மானிகளின் ரேடார் அலை ஏறத்தாழ 2 செ.மீ. நீளமே உடையது. மழைத்துளிகள் அதைச் சிதறடிப்பதால், புயல் மையத்தைச் சூழ்ந்த கண்சுவரை நெருங்க நெருங்க அளவீடு நம்பகம் இழக்கிறது. துருவச் சுற்றுப்பாதையில் செல்லும் ஒரே செயற்கைக்கோள் ஓரிடத்துக்கு நாளில் இரண்டொரு முறையே திரும்பும் என்பது இன்னொரு குறை. அந்த இடைவெளியில் நிலைமை வெகுவாக மாறிவிடலாம்: 2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாளே குமரிமுனைக்கு அருகே புயலாகிவிட்டது. வட இந்தியப் பெருங்கடலில் புயலுக்குள் விமானம் செலுத்தி அளக்கும் வழக்கமும் இல்லை. மேக வடிவத்திலிருந்து வலிமையைக் கணிக்கும் ட்வோராக் முறையே இங்கு பெருந்துணை. ஆகவே மழையை ஊடுருவுவதும் அடிக்கடி பார்ப்பதும் இக்கடலுக்கு ஒருசேரத் தேவை.

இவ்விரண்டையும் தரவல்லது, கடலில் பட்டுத் தெறிக்கும் ஜி.பி.எஸ். அலைகளை அளக்கும் தெறிப்பலை முறை. ஜி.பி.எஸ். அலையின் நீளம் சுமார் 19 செ.மீ. என்பதால், கனமழையும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கடல் அமைதியாக இருந்தால் அலை ஒரே திசையில் வலுவாகத் தெறிக்கும். காற்று கடற்பரப்பைக் குலைக்கும்போது அது பல திசைகளில் சிதற, ஏற்பிக்கு வந்துசேரும் வலு குறையும். அலையை அனுப்பும் வேலையை வழிகாட்டுக் கோள்கள் முன்பே செய்துவிடுவதால் இங்கு ஏற்பி மட்டும் போதும், கோளும் சிறிதாகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ரஃப் தலைமையில் உருவாகி, 2016 டிசம்பர் 15இல் நாசா ஏவிய சிக்னஸ் திட்டத்தில் இப்படி எட்டுச் சிறு கோள்கள். 35 பாகைச் சாய்வில் வெப்பமண்டலத்தை மட்டுமே சுற்றிவந்த இவை ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் நான்கு தெறிப்புகளைப் பதியும். ஓரிடத்தைச் சராசரியாக ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கும் வகையில் இவை வடிவமைக்கப்பட்டன.

இங்கே எழும் முதன்மையான மறுப்பு, இம்முறை அளப்பது காற்றையே அல்ல, கடற்பரப்பின் சரிவை என்பது. மறுப்பு சரியானது. சூரிய ஒளிர்வின் புகைப்படங்களைக் கொண்டு காக்ஸும் மங்க்கும் 1954இல் காட்டிய தொடர்பு, காற்றின் வேகம் கூடக்கூடச் சரிவின் சராசரி வர்க்கமும் கூடும் என்பது. ஆனால் புயலைச் சுற்றிக் காற்றின் திசை விரைந்து மாறுவதால் கடலலைகள் முழு வளர்ச்சி பெற நேரமில்லை. ஒரே வேகக் காற்றுக்கு இருவேறு சரிவுகள் கிடைக்கின்றன. வளர்ந்த கடலுக்கு ஒன்றும் இளம் கடலுக்கு ஒன்றுமாகச் சிக்னஸ் குழு இரண்டு சார்புகளை வகுத்ததன் காரணம் இதுவே. எதைப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்க, அங்கே புயல் இருப்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியேற நான் காணும் வழி, சரிவைக் காற்றின் வேகமாக மாற்ற அவசரப்படாமல், காற்றையும் கடலலையையும் இணைத்துக் கணிக்கும் மாதிரிகளுக்குச் சரிவையே உள்ளீடாகத் தருவதுதான். கடலலையின் வளர்ச்சி அப்போது பிழைக்குக் காரணமாக நில்லாமல் தகவலாகவே பயன்படும்.

இன்னொரு மறுப்பும் உண்டு: கடுங்காற்றில் தெறிப்பின் மாற்றம் மிகச் சிறிது. உச்ச வேகத்தை அறிய எல் பட்டைக் கதிர்மானிகளே மேல் என்பார்கள். உச்ச வேகத்தைப் பொறுத்தவரை அதை ஏற்கிறேன். தெறிப்பலையின் பிரிதிறன் 25 கி.மீ. அளவே என்பதால், சிறிய கண்சுவர் அதில் கரைந்துபோகும். ஆயினும் கடலோர மக்களுக்கு வேண்டியது உச்சம் மட்டும்தானா? மணிக்கு 62 கி.மீ. காற்று எவ்வளவு தொலைவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தே படகுகள் எப்போது கரை திரும்ப வேண்டும் என்று முடிவாகிறது. கடல் ஏற்றத்தின் உயரமும் உச்ச வேகத்தோடு புயலின் அகலத்தையும் சார்ந்தது. மணிக்கு 62 கி.மீ. என்ற அந்த வேக எல்லையில் தெறிப்பலை காற்றை நன்றாகவே உணர்கிறது. ஜி.பி.எஸ். கோள்களின் ஒலிபரப்பு வலு மாறுவதால் வந்த பிழையையும், நேரடி அலையை மேல்நோக்கிய ஆண்டெனாவில் உடனுக்குடன் அளந்து பெருமளவு திருத்த முடிந்தது.

எனவே அடுத்த முதலீட்டை ஒற்றைக் கருவியின் துல்லியத்தில் மட்டும் குவிப்பது போதாது. தெறிப்புகளின் எண்ணிக்கையும் பெருக வேண்டும். 2021இல் ஏவப்பட்ட சீனாவின் ஃபெங்யுன்-3இ வானிலைக் கோள், அந்நாட்டின் பெய்டோ வழிகாட்டுக் கோள்களின் அலைத் தெறிப்பையும் பதிகிறது. இந்தியாவின் நாவிக் வழிகாட்டுக் கோள்கள் இந்தியப் பெருங்கடல் வட்டாரத்தின் வானைவிட்டு அகலாதவை. அவற்றுள் 2023இல் ஏவிய என்.வி.எஸ்-01, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் எல்1 அலைவரிசையிலும் ஒலிபரப்பும் வகையில் அமைந்தது. அத்தெறிப்புகளைப் பிடிக்கும் சிறு ஏற்பிகளைத் தாழ்ந்த சாய்வுப் பாதையில் நிறுவினால், வங்கக் கடலுக்குக் கிடைக்கும் அளவீடுகள் கணிசமாகக் கூடும்.