ஊர் கொடுத்த ஜாமீன்

நல்ல தச்சன் எங்கே கிடைப்பான், கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, வந்தவன் கேட்கிற கூலி நியாயமானதுதானா என்ற விசாரங்கள் இன்று பட்டணத்தில் குடித்தனம் நடத்துகிற எல்லாருக்கும் உண்டு. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டு நன்செய்க் கிராமம் ஒன்றில் வாழ்ந்த குடியானவனிடம் போய் இக்கேள்விகளைக் கேட்டிருந்தால், கேட்டவரின் புத்தி ஸ்வாதீனத்தைப் பற்றியே அவன் சந்தேகம் கொண்டிருப்பான். அவன் ஊருக்கென்று தச்சரும் கொல்லரும் குயவரும் வண்ணாரும் நாவிதரும் இருந்தார்கள். தகப்பன் செய்த தொழிலை மகன் செய்தான். அவர்களைத் தேடும் சிரமம் ஊராருக்கு இல்லை, ஊரை மறுக்கும் சௌகரியம் அவர்களுக்கும் இல்லை. கைத்தொழிலாளியைத் தேடுவது என்பது உண்மையில் அவனுக்காக ஜாமீன் நிற்பவரைத் தேடுவதே என்பதும், அந்த ஜாமீனுக்கு ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் விலை கொடுத்து வந்திருக்கிறார் என்பதும் இவ்வழக்கத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் விளங்கும்.

இந்த ஏற்பாட்டின் மிக விரிவான பழைய சாசனங்களுள் ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது 1014-ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பட்ட அந்தச் சாசனம், கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களையும் வீடுகளையும் சொல்லி முடித்த பின்பு, நட்டுவர், பாடுவோர், கணக்கர், விளக்கேற்றுவோர் ஆகியோரோடு குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர், தட்டார் என்று கோயிலுக்கு வேண்டிய தொழிலாளர் அனைவரையும் வரிசைப்படுத்தி, இன்னாருக்கு இத்தனை பங்கு என்று விதிக்கிறது. ஒரு பங்கு என்பது ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து ஆண்டுக்கு நூறு கலம் நெல் கொடுக்கும் நிலம். அதே சாசனத்தில் உள்ள மற்றோர் ஏற்பாடு இதனினும் விசேஷமானது. பங்கு பெற்றவர் இறந்துவிட்டாலோ ஊரைவிட்டுப் போய்விட்டாலோ, அவருக்கு அடுத்த முறையினர் அந்தப் பங்கைப் பெற்று அவ்வேலையைச் செய்ய வேண்டும். அவர் அவ்வேலைக்குத் தகுதியற்றவராயின், தகுதி உள்ள ஒருவரைத் தாமே தேர்ந்து, வேலையைச் செய்வித்துக்கொள்ள வேண்டும். உறவினரே இல்லாவிட்டால், அப்பணியில் இருக்கும் மற்றவர்கள் கூடித் தக்கவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறப்பால் வரும் பாத்தியதையை மதித்துக்கொண்டே, பிறப்பு மட்டும் கைத்திறனைத் தந்துவிடாது என்பதையும் உணர்ந்து, திறமையை அளக்கும் பொறுப்பை அதே தொழிலில் பழகியவர்களிடம் விட்ட அந்த அறிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கோயிலுக்கு இருந்த ஏற்பாடு ஊருக்கும் இருந்தது. இராசராசன் அக்கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக் கணக்கில், வரி விதிக்காமல் கழித்துவிட்ட இடங்களாக ஊர்நத்தம், கோயில், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாளர் குடியிருந்த கம்மாணசேரியும் எண்ணப்படுகிறது. கொல்லனும் தச்சனும் குடியிருக்கும் மண்ணுக்கு வரி கேட்பதில்லை என்பது அன்றைய ஊர், தன் தொழிலாளிக்குக் கொடுத்த முதல் ஊதியம்.

இரண்டாவது ஊதியம் களத்துமேட்டில் கிடைத்தது. உழவுக் காலத்தில் கலப்பையின் கொழு மழுங்கிப்போனால் குடியானவன் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு உலைக்களத்துக்குப் போவான். கரியைத் தானே கொண்டுபோவான். துருத்தியையும் பெரும்பாலும் அவனே ஊத வேண்டும். கொல்லர் இரும்பைச் சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து நுனியைக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்துக் கையில் கொடுப்பார். அந்த இடத்தில் காசு கைமாறாது, கணக்கும் எழுதப்படாது. அறுவடையாகி, போரடித்து, தூற்றிய நெல் அம்பாரமாகக் குவிந்து, அரசாங்கத்தின் பங்கும் குடியானவன் பங்கும் பிரிவதற்கு முன்பாகவே, கொல்லருக்கு இவ்வளவு, தச்சருக்கு இவ்வளவு, வண்ணாருக்கு இவ்வளவு என்று மரக்கால் கணக்கில் நெல் ஒதுக்கப்படும். கொழு சரியாகக் காய்ச்சப்படாமல் உழவு கெட்டால் அம்பாரம் சிறுத்துப்போகும். அம்பாரம் சிறுத்தால் கொல்லர் வீட்டுக் குதிரும் காலியாகும். ஆகவே வேலை நேர்த்திக்குத் தனியாக ஒரு நற்சான்று அங்கே வேண்டியிருக்கவில்லை.

இவ்வழக்கம் வெறும் ஐதிகமன்று என்பதற்கு எழுத்து மூலமான சாட்சியம் உண்டு. செங்கற்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்தபின், பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரையில் ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்களின் கணக்கைத் தொகுத்தார். அவற்றில் வீடு, நிலம், குளம், மானியம் என்பவற்றோடு, விளைச்சலிலிருந்து கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் காவற்காரனுக்கும் கைவினைஞர் ஒவ்வொருவருக்கும் சேரவேண்டிய பங்கு ஊர்வாரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் முன் 1812-இல் வைக்கப்பட்ட ஐந்தாம் அறிக்கையும் கிராமத்தை வருணிக்கையில் இந்த ஊழியக்காரர் வரிசையை விட்டுவிடவில்லை.

ஆயினும் இதைப் பொற்காலம் என்று கொண்டாடுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகமாகும். கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு கொங்கு நாட்டுக் கம்மாளருக்கு அரசன் விடுத்த ஆணையொன்று கரூரில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது; அதை ஒத்த சாசனம் பேரூரிலும் உண்டு. இன்ன ஆண்டு ஆடி மாதம் முதல் உங்கள் நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கும் பேரிகையும் முழங்கலாம்; வெளியே புறப்படும்போது காலில் செருப்பணியலாம்; வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஊராரின் மாளிகைகளுக்கெல்லாம் தூணும் நிலையும் கடைந்து கொடுத்த குலத்தினர், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச ராஜாக்ஞை பெற வேண்டியிருந்தது என்றால், அந்த ஆணைக்கு முந்திய நிலைமையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். கம்மாளருக்காவது இப்படி ஒரு சாசனம் கிடைத்தது; வண்ணாருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் வாசலுக்கு வெளியே நின்று பெறும் சோறும், பண்டிகைக்கு ஒரு பழந்துணியுமே பல ஊர்களில் மிச்சமாயின. ஊர் கொடுத்த ஜாமீனுக்குத் தொழிலாளி தன் சுயமரியாதையை ஈடு வைத்தான்.

அவன் கையில் இருந்த ஒரே ஆயுதம் குடிபெயர்தல். சென்னப்பட்டணத்தில் வலங்கை, இடங்கை என்று பிரிந்திருந்த இரு சாதிக் கூட்டத்தாருக்குள் 1707-இல் மூண்ட கலகத்தின்போது, வலங்கையாரில் பலர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குப் போய்விடவே, அவர்களைத் திரும்ப அழைத்து வருவது கவர்னர் தாமஸ் பிட்டுக்குப் பெரும் பாடாயிற்று. ஆட்களைத் தேடிக்கொண்டிருப்பதைவிடத் தொழிலாளர்க்கென்று ஒரு பேட்டையே அமைத்துவிடுவது மேல் என்று கம்பெனியாரும் பின்னர் உணர்ந்தனர். 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் கூவத்தின் வளைவிலே சிந்தாதிரிப்பேட்டை உண்டாயிற்று. நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர், அவர்களுக்கு வேண்டிய கோயில் ஊழியர் ஆகியோருக்கே அங்கே இடம் என்று விதி செய்தார்கள். வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் வந்ததும், ஊருக்கு ஊர் தட்டாரத் தெருவும் குயவர் தெருவும் ஏற்பட்டதும் இதே நியாயத்தால்தான்; இன்ன வேலைக்கு இன்ன தெருவுக்குப் போ என்றால் போதும், ஆளின் பெயரை விசாரிக்க வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவரி நெல்லிலிருந்து ரொக்கத்துக்கு மாறியபோது இந்த அமைப்பின் அஸ்திவாரம் அசைந்தது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு பட்டாதாரும் சர்க்காருக்குத் தனித்தனியே பணம் கட்டலானார். பொது அம்பாரம் மறைந்தது. ஊரின் கடனாக இருந்த பங்கு, குடியானவனின் மனம்போல் கொடுக்கும் இனாமாகக் குறுகியது. சீமை இரும்பும் ஆலைத் துணியும் வந்து சேர்ந்தன. கொல்லர் மகன் ரயில்வே பட்டறைக்குப் போனான். பரம்பரைக் கிராம உத்தியோகங்களுக்கென்று 1895-இல் இயற்றிய சென்னைச் சட்டம் பழைய வாரிசு முறையைக் காகிதத்தில் காப்பாற்றியது. ஆந்திரத்துக் கிராம முன்சீப் பதவி ஒன்றைப் பற்றிய வழக்கில், குலவழி மட்டும் பார்த்து வேலை கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அச்சட்டத்தின் வாரிசு விதியைத் தள்ளியது.

பரம்பரை போனபின் வந்தது நாற்சந்தி. தமிழ்நாட்டு நகரங்களில் பொழுது புலரும் வேளையில், தூக்குச் சட்டியும் பையுமாகக் கொத்தனார்களும் சித்தாட்களும் பெரியாட்களும் கூடி நிற்கும் முனைகள் இருக்கின்றன. பையின் வாயில் கரண்டியின் பிடியும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டின் நூலும் வெளியே தெரியும்; அவையே அவர்களுடைய விளம்பரம். மேஸ்திரி வருகிறார், கையைக் காட்டுகிறார், கூலியைச் சொல்கிறார். ஆட்களின் வேலைக்கு வீட்டுக்காரரிடம் மேஸ்திரி ஜாமீன்; ஆட்களின் கூலியிலிருந்து அதற்கு அவர் எடுத்துக்கொள்வது கமிஷன். பத்து மணிக்கு மேலும் அங்கே நிற்பவனுக்கு அன்றைக்கு அடுப்பு எரியுமா என்பதற்கு ஜாமீன் எவரும் இல்லை.

சர்க்கார் இதில் தலையிடாமல் இல்லை. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945-இல் தோன்றிய வேலைவாய்ப்பு அலுவலகம் 1948-இல் பொதுமக்கள் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்ற 1959-ஆம் ஆண்டுச் சட்டம், விவசாய வேலையையும் வீட்டு வேலையையும் மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலைகளையும் விலக்கிவிட்டது. மூன்று நாளில் கதவை இழைத்துப் பொருத்திவிட்டுப் போகும் தச்சர் அந்தப் பதிவேட்டில் எப்படி ஏறுவார்? தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் வந்த பிறகே, நிலையான முதலாளி இல்லாத கைவினைஞனுக்கும் விபத்து, மரணம், முதுமை ஆகிய காலங்களில் பொதுவிலிருந்து ஏதாவது சேரவேண்டும் என்ற கொள்கை நிலைபெற்றது. களத்துமேட்டில் இழந்த பங்கின் ஒரு சிறு பகுதியை, சாதியின் விலங்கு இல்லாமல் திருப்பிக் கொடுக்கும் முயற்சி என்று அதைச் சொல்லலாம்.

இப்பொழுது நாம் அண்டை வீட்டாரையும் சிநேகிதர்களையும் விசாரித்து, கைப்பேசி எண் வாங்கி ஆளை வரவழைக்கிறோம். அவர் வேலை நன்றாயிருக்கும், நம்பிக் கூப்பிடலாம் என்று ஒருவர் சொல்லும் வார்த்தைதான் இன்றைய ஜாமீன். அது வீட்டுக்காரருக்கு வீட்டுக்காரர் கொடுத்துக்கொள்ளும் ஜாமீன்; பணத்தை இழுத்தடிக்காத வீடு எது, கீழே விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வீடு எது என்று தச்சருக்குச் சொல்வார் யார்? பழைய ஊர் தொழிலாளிக்குச் சோறு கொடுத்துச் சுதந்திரத்தைப் பறித்தது. நாற்சந்தி சுதந்திரத்தைக் கொடுத்துச் சோற்றைச் சந்தேகத்தில் விட்டது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாட்டை நாம் இன்னும் செய்து முடிக்கவில்லை. அதுவரையில், ஒருவரது பெயரை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்கிற நாம், அவருக்குரிய கூலியையும் சேர்த்தே சிபாரிசு செய்வது, செய்யக்கூடிய குறைந்தபட்ச நியாயம்.