முனைவர் பட்டத்துக்குப் பிறகு

பிரிட்டனில் டிமென்ஷியா பராமரிப்பு ஆய்வு வெகுகாலம் ஒருசிலரின் பிடிவாதத்தால்தான் உயிரோடு இருந்தது. பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் 1992இல் ஒரு குழுவை அமைத்தார். நோயாளி நலிவதற்கு மூளைச் சிதைவோடு, சுற்றியிருப்பவர்கள் அவரை நடத்தும் விதமும் காரணம் என்பது அவர் வாதம். அதைச் சோதிக்க ஒரு முறையையும் வகுத்தார்: பராமரிப்பு இல்லத்தில் ஆய்வாளர் மணிக்கணக்கில் உட்கார்ந்து, அங்கிருப்பவர் என்ன செய்கிறார், எந்த மனநிலையில் இருக்கிறார் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பயிற்சி பெற்ற, பொறுமையுள்ள ஆள்தான் தேவை. இத்துறையில் செலவழிக்கும் பணம் முதலில் இளம் ஆய்வாளர்களின் பிழைப்பை உறுதிசெய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். 1998இல் கிட்வுட் இறந்தபோது அவர் பணியைத் தொடரச் சிலர் இருந்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி வாய்ப்பதில்லை.

அதே காலத்தில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஏமி ஸ்பெக்டர் என்ற மாணவி, சிறு குழுக்களாகப் பேச்சும் விளையாட்டும் நினைவுகூர்தலும் கலந்த அமர்வுகளைத் தன் முனைவர் பட்டத்துக்காக வடிவமைத்தார். ஏழு வாரம், வாரத்துக்கு இரண்டு என 14 அமர்வுகள். டிமென்ஷியா உள்ள 201 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2003இல் வெளிவந்தது. நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் மேம்பட்டிருந்தன. அப்போது புழக்கத்திலிருந்த மாத்திரைகளின் பலனோடு ஒப்பிடத்தக்க அளவு அது. 2006இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலில் இந்த முறை இடம்பெற்றது. ஸ்பெக்டர் துறையை விட்டுப் போகாததால் கதை அங்கே நிற்கவில்லை. பின்னாளில் அவர் தலைமையில் பிரேசில், தான்சானியா, இந்தியா ஆகிய நாடுகளுக்கு இது கொண்டுசெல்லப்பட்டது. இந்தியாவில் அந்தப் பணி நடந்த இடம் சென்னை. ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தார் அதைத் தமிழ் முதியோருக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார்கள். ஒரு மாணவியின் ஆய்வேடு இவ்வளவு தூரம் வர இருபது ஆண்டுகள் பிடித்தன. மூன்றாண்டுத் திட்ட நிதியோடு அவர் வேறு வேலை தேடிப் போயிருந்தால்?

அப்படிப் போனவர்களே அதிகம். டிமென்ஷியாவில் முனைவர் பட்டம் பெற்றவர்களில் பெரும்பான்மையோர் சில ஆண்டுகளிலேயே இத்துறையை விட்டு விலகுவதை 2015இல் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வைக் கேட்டுப் பெற்ற அல்சைமர்ஸ் சொசைட்டி என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனம், ஏறத்தாழ அதே சமயத்தில் எட்டு முனைவர் பயிற்சி மையங்களுக்கு 50 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அது வாசலைத்தான் அகலப்படுத்தியது. பட்டத்துக்கும் நிரந்தரப் பணிக்கும் நடுவிலுள்ள ஐந்தாறு ஆண்டுகளில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். பராமரிப்பு ஆய்வுக்கு வருபவர்களில் செவிலியர்களும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் உண்டு. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஆண்டுக்காண்டு நீளும் ஒப்பந்தத்தை நம்பி வா என்று அவர்களை அழைப்பது நியாயமாகாது.

மருந்து கண்டுபிடித்தால் எல்லாம் தீருமே என்பவர்கள் உண்டு. அண்மையில் வந்த அல்சைமர் மருந்துகள் தொடக்க நிலையில் இருப்போருக்கு மட்டுமே. அவையும் நோயை நிறுத்துவதில்லை, வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. இன்று முற்றிய நிலையில் இருப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பராமரிப்புதான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: ஆய்வாளருக்குத் தரும் பணத்தை, இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு நேரடியாகத் தந்தால் என்ன? குடும்பங்களுக்கு உதவி கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் எண்ணமில்லை. ஆனால் ஆராயாமல் செய்யும் பராமரிப்பு கெடுதலும் செய்யும். மனநல மருத்துவர் சூபே பானர்ஜி 2009இல் பிரிட்டன் அரசுக்குத் தந்த அறிக்கையின் மதிப்பீடு இது: டிமென்ஷியா உள்ளவர்களில் ஆண்டுக்கு 1,80,000 பேருக்கு மனநோய் மருந்துகள் தரப்பட்டன, பயனடைந்தவர்கள் சுமார் 36,000 பேர், அம்மருந்துகளால் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1,800 பேர். கொடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். ஒருவர் கத்தும்போதும் அலைபாயும்போதும் வேறென்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சோதித்துச் சொல்லியிருக்கவில்லை. சொல்லக்கூடியவர்களில் பலர் அதற்குள் வேறு துறைக்குப் போயிருந்தார்கள்.