புதுப்பிக்கவா, அப்படியே விடவா? – வீட்டு ரவுட்டரின் கதை

வீட்டில் டிவிக்குப் பக்கத்திலோ அலமாரியின் மேலோ தூசி படிந்த ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இரண்டு மூன்று கொம்புகள், மினுக் மினுக்கென்று பச்சை விளக்குகள். அதுதான் வைஃபை ரவுட்டர். வாங்கி மாட்டிய அன்றோடு வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். இணையம் வராத நாளில் மட்டும் ஞாபகம் வரும். அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் மறுபடியும் மறதிதான்!

உண்மையில் அந்தப் பெட்டி ஒரு முழுக் கணினி. அதற்கும் பிராசசர் உண்டு, நினைவகம் உண்டு, அதை இயக்கும் ஒரு மென்பொருளும் உண்டு. அந்த மென்பொருளுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். தமிழில் நிலைபொருள் என்றும் சொல்வார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் அதைப் புதுப்பிக்க ஒரு பொத்தான் இருக்கும். கூடவே, "இடையில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்" என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கையும் இருக்கும். நன்றாக ஓடுவதை எதற்குச் சீண்ட வேண்டும் என்று நினைத்து மூடிவிடுபவர்களே அதிகம்.

இந்தத் தயக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

பெயர் வந்த கதை

ஃபர்ம்வேர் என்ற சொல்லை 1967-ல் ஆஷர் ஓப்லர் என்பவர் டேட்டாமேஷன் இதழில் எழுதிய ஒரு கட்டுரையில் பயன்படுத்தினார். வன்பொருள் மாறாது, மென்பொருள் எளிதாக மாறும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் இந்தச் சொல்.

முதலில் இந்த வகை நிரல்கள் பெரும்பாலும் படிக்க மட்டுமே முடிகிற சிப்களில் இருந்தன. மாற்ற வேண்டும் என்றால் சிப்பையே கழற்றி மாற்ற வேண்டும். 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா ஃப்ளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்த பிறகு நிலைமை மாறியது. மின்சாரத்தாலேயே பழையதை அழித்துப் புதியதை எழுதலாம். திருப்புளி தேவையில்லை, மெக்கானிக் தேவையில்லை.

ஆனால் சிக்கலும் அங்கேதான் வந்தது. பழைய மென்பொருளை அழித்து, புதியதைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்? பெட்டிக்குள் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எழுந்து நிற்கவே அதற்குத் தெரியாது. இப்படிச் செத்துப்போன சாதனத்துக்குக் கணினி உலகில் வைத்த பெயர் "செங்கல்". மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவும்!

புதுப்பித்தல் கொண்டாட்டமாக இருந்த காலம்

2002 டிசம்பரில் அமெரிக்காவின் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. நீலமும் கறுப்புமான பெட்டி. அடுத்த ஆண்டே சிஸ்கோ நிறுவனம் லிங்க்சிஸை ஏறக்குறைய 50 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது.

அதே 2003-ல் நிரலாளர்கள் சிலர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ்! லினக்ஸை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதை வைத்துச் செய்த பொருளை விற்றால், அதன் மூல நிரலையும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. கேள்விகள் குவிந்தன. கடைசியில் நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது.

அதிலிருந்து பிறந்ததுதான் ஓபன்டபிள்யூஆர்டி. 2004-ல் தொடங்கிய இந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. பின்னாலேயே டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ என்று வரிசையாக வந்தன. சாதாரண விலை ரவுட்டரில் விலை உயர்ந்த கருவிகளின் வசதிகளை ஆர்வலர்கள் ஏற்றிக் காட்டினார்கள். அவர்களுக்கு ஃபர்ம்வேரைக் கையால் மாற்றுவது திருவிழா மாதிரி.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லிங்க்சிஸின் ஆரம்ப ஃபர்ம்வேரில் ஒரு ஓட்டை இருந்தது. பிங் சோதனை செய்யும் பக்கத்தில், முகவரி எழுத வேண்டிய இடத்தில் கட்டளையை எழுதினால் ரவுட்டர் அதை அப்படியே நிறைவேற்றியது. ஆர்வலர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே போய், ரவுட்டர் செங்கல் ஆனாலும் மீட்டெடுக்க உதவும் ஒரு வசதியை இயக்கினார்கள். சொந்தக்காரன் நுழைகிற ஓட்டையில் திருடன் நுழைய மாட்டானா? அந்த நாளில் அதைப் பற்றி அதிகம் பேர் கவலைப்படவில்லை.

2005-ல் இன்னொரு பாடம். அதே பெயர், அதே முகம். ஆனால் டபிள்யூஆர்டி54ஜி-யின் ஐந்தாம் பதிப்பில் ஃப்ளாஷ் நினைவகம் 4 எம்பியிலிருந்து 2 எம்பியாகக் குறைந்தது. உள்ளே ஓடியது லினக்ஸும் அல்ல, விஎக்ஸ்வொர்க்ஸ். நான்காம் பதிப்புக்கு உரிய ஃபர்ம்வேர் ஐந்தாம் பதிப்புக்கு ஆகாது. ரவுட்டரின் அடியில் ஒட்டிய லேபிளில் பதிப்பு எண்ணைப் பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது என்பது அன்று கற்ற பாடம். அது இன்றைக்கும் மாறவில்லை.

திருடர்கள் வந்தார்கள்

2011-ல் பிரேசிலில் நடந்தது வேறு கதை. ஒரு ஃபர்ம்வேர் ஓட்டையைப் பயன்படுத்தி, ஏறக்குறைய 45 லட்சம் மோடம்களின் டிஎன்எஸ் அமைப்பைத் திருடர்கள் மாற்றினார்கள். டிஎன்எஸ் என்பது இணையத்தின் முகவரிப் புத்தகம் மாதிரி. அதை மாற்றிவிட்டால், வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்தாலும் போலிப் பக்கம்தான் திறக்கும். கணினியில் வைரஸ் இல்லை. பயன்படுத்தியவர் தவறான இணைப்பு எதையும் அழுத்தவில்லை. தூசி படிந்த பெட்டி ஏமாற்றியது!

2014 டிசம்பரில் செக் பாயிண்ட் நிறுவனம் வெளியிட்ட தகவல் இன்னும் வேடிக்கையானது. ரோம்பேஜர் என்ற சிறு மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையால் 189 நாடுகளில் குறைந்தது 1.2 கோடி சாதனங்கள் திறந்து கிடந்தன. ஆனால் ரோம்பேஜரை எழுதிய நிறுவனம் அதற்கான திருத்தத்தை 2005-லேயே கொடுத்துவிட்டது. ஒன்பது வருடமாகியும் திருத்தம் வீடு போய்ச் சேரவில்லை!

ஏன்? மென்பொருள் எழுதியவர் அதை சிப் செய்பவரிடம் தருகிறார். அவர் பெட்டி செய்பவரிடம், அவர் இணையச் சேவை நிறுவனத்திடம், அவர் வீட்டுக்காரரிடம். இந்தச் சங்கிலியில் பொருளை விற்றவுடன் ஒவ்வொருவர் கணக்கும் முடிந்துவிடுகிறது. விற்ற பொருளுக்குப் புதுத் திருத்தம் எழுதினால் செலவு உண்டு, வரவு இல்லை. புது மாடல் விற்றால் வரவு. வணிகவியல் படிக்கும் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத கணக்கு இது. கடைசியில் மொத்தச் சுமையும், சங்கிலியில் மிகக் குறைவாக விவரம் தெரிந்த ஒருவர் தலையில் விழுகிறது. அவர்தான் வீட்டுக்காரர்.

தானாகப் புதுப்பித்தால் தீருமா?

அப்படியானால் நிறுவனமே தானாகப் புதுப்பித்துவிடலாமே? அதற்கும் ஓர் அனுபவம் இருக்கிறது. 2012-ல் சிஸ்கோ தன் லிங்க்சிஸ் ரவுட்டர்கள் சிலவற்றுக்குத் தானாக ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. மறுநாள் அமைப்புப் பக்கத்தைத் திறந்தவர்களிடம், இணைய வழிச் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கச் சொன்னது ரவுட்டர். அதன் நிபந்தனைகளில், இணையப் பயன்பாட்டு விவரங்களைச் சேகரிக்கலாம் என்ற வரியும் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் நுழைய இன்னொருவர் அனுமதியா என்று வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நிறுவனம் சில நாட்களிலேயே பின்வாங்கியது. ஆனால் "தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வை" என்ற அறிவுரை மட்டும் பலர் மனதில் தங்கிவிட்டது.

மறுபக்கமும் உண்டு. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 9 லட்சம் பேருக்கு இணைப்பு போனது. மிராய் என்ற கெட்ட மென்பொருளின் ஒரு வகை, ரவுட்டர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வழியில் முட்டியதால் வந்த வினை. ஆனால் நிறுவனம் விரைவிலேயே திருத்தம் தயாரித்தது. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், புதிய ஃபர்ம்வேர் தானாக இறங்கும் என்றது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் கையால் செய்ய வேண்டும் என்றிருந்தால் எத்தனை மாதம் ஆகியிருக்கும்?

2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் வந்தது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் சாதனங்கள் மாட்டின. ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. அணைத்துப் போட்டால் அதன் ஒரு பகுதிதான் போகும், வேர் உள்ளேயே இருக்கும். இருந்தும் அவ்வளவுதான் கேட்க முடிந்தது. எல்லோரையும் ஃபர்ம்வேர் ஏற்றச் சொன்னால் யார் செய்வார்கள்?

2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே இணையச் சேவை நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்களை 72 மணி நேரத்தில் யாரோ செங்கல்லாக்கினார்கள். ஒரு காலத்தில் கை தவறினால் வீட்டில் நடக்கும் விபத்து, இப்போது தொலைவிலிருந்து செய்யும் தாக்குதல் ஆகிவிட்டது. அந்தப் பெட்டிகளை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

2024 ஜனவரியில் அமெரிக்க அரசு இன்னொன்றை அறிவித்தது. நூற்றுக்கணக்கான சிறு ரவுட்டர்களிலிருந்து, நீதிமன்ற அனுமதியோடு, ஒரு கெட்ட மென்பொருளைத் தானே நீக்கியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை நிறுவனம் கைவிட்ட பழைய மாடல்கள். 2025 மே மாதம் எஃப்பிஐ எச்சரித்த பழைய ரவுட்டர்களின் பட்டியலில் லிங்க்சிஸ் மாடல்கள் பல இருந்தன. புதுப்பிப்பதே கொண்டாட்டமாக இருந்த அதே பெயர்!

சட்டம் மெதுவாக வந்தது

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களை எல்லாவற்றுக்கும் பொதுவான எளிய கடவுச்சொல்லோடு விற்கக் கூடாது. எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று விற்பவர் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இதே போன்ற சட்டத்தின் முக்கிய கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. சுமை மெல்ல மெல்ல செய்தவர் தலைக்கே திரும்புகிறது.

அப்படியானால் என்ன செய்வது?

கையால் புதுப்பிப்பதில் உள்ள ஆபத்து வீட்டுக்காரருடையது. பத்து நிமிட வேலை, பெட்டி கெட்டுப்போக ஒரு சின்ன வாய்ப்பு. புதுப்பிக்காமல் விட்டால் வரும் நஷ்டம் பெரும்பாலும் வேறு யாருக்கோ போகிறது. மிராய் மாதிரி ஒன்று உள்ளே புகுந்தாலும் வீட்டில் சினிமா நன்றாகத்தான் ஓடும். அதே பெட்டி எங்கோ ஒரு தளத்தை முடக்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்குப் புகை போவதால் அடுப்பைக் கவனிக்காமல் விடுவது மாதிரி இது. பிரேசிலில் நடந்தது போல, சில சமயம் புகை சொந்த வீட்டுக்கே திரும்பி வரும்.

இருபது வருடக் கதை சொல்லும் வழி எளிமையானது. ரவுட்டர் சேவை நிறுவனத்துடையது என்றால் புதுப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவர்களுடையது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சொந்தமாக வாங்கியது என்றால், தானியங்கிப் புதுப்பிப்பு இருக்கிறதா, அது இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடியில் உள்ள லேபிளில் மாடலையும் பதிப்பு எண்ணையும் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் ஃபர்ம்வேரை எடுத்து, அமைப்புகளை ஒரு நகல் சேமித்து, வைஃபையில் இல்லாமல் கேபிள் வழியாக, கரண்ட் போகாத நேரம் பார்த்து ஏற்ற வேண்டும். நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது என்றால், புதுப்பிக்கவா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஓபன்டபிள்யூஆர்டி அதை ஏற்குமா என்று பார்க்கலாம். இல்லையேல் பெட்டியை மாற்ற வேண்டியதுதான்.

அடுத்த முறை ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் வேகத்தையும் கொம்புகளின் எண்ணிக்கையையும் கேட்பதோடு, "எத்தனை வருஷம் அப்டேட் வரும்?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் தெரிந்துகொள்வார்!