டிரெவெலியனும் ஆட்சிப்பணிச் சீர்திருத்தமும்

ஆட்சிப்பணியைத் திருத்துதல் என்னுமிடத்து இருவேறு நோக்கங்கள் ஒருங்கே சுட்டப்பெறுகின்றன. ஒன்று வினைத்திறன், மற்றொன்று கணக்குக் காட்டும் பொறுப்பு. முன்னது வளரின் பின்னதும் தானே வளரும் எனக் கருதுவாருளர். 19-ஆம் நூற்றாண்டு வரலாறு அவ்வாறு காட்டவில்லை. இலண்டனிலும் சென்னையிலும் பணியாற்றிய ஒருவரை முன்னிறுத்தி இதனை ஈண்டு ஆராய்வோம்.

அவர் சார்லசு டிரெவெலியன். கும்பினியின் இளம் அலுவலராகத் தில்லியில் இருந்தபோதே, தம் மேலதிகாரியாகிய ரெசிடெண்டு கோல்புரூக்கின் கையூட்டை 1829-இல் வெளிப்படுத்தி, அவர் பதவியிழக்கச் செய்தவர். 1840-இல் இலண்டன் கருவூலத்தின் உதவிச் செயலாளரானார். நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் பணிக்க, ஸ்டாபர்டு நார்த்கோட்டும் இவரும் 1853 நவம்பரில் கையொப்பமிட்ட அறிக்கை அளவிற் சிறிது, விளைவிற் பெரிது. செல்வாக்குடையார் பரிந்துரையே அரசுப்பணிக்கு வாயிலாக இருந்த காலம் அது. அவ்வாயில் வழியே ஊக்கமும் திறனும் அற்றோர் புகுகின்றனர் என அறிக்கை கடிந்தது. பொதுத்தேர்வு வேண்டும்; பதவியுயர்வு தகுதி நோக்கி அமைதல் வேண்டும்; அறிவுப்பணியும் எழுத்துப்பணியும் பிரிக்கப்படல் வேண்டும் என்றது. 1855-இல் தேர்வாணையம் அமைந்ததேனும், பரிந்துரை பெற்று வந்தோரைச் சோதித்தலே அதன் வேலையாயிற்று. திறந்த போட்டி 1870-இலேதான் வந்தது; அப்போதும் அயலுறவுத் துறை விலகியே நின்றது.

ஆட்சேர்ப்பும் பதவியுயர்வுமே அவ்வறிக்கையின் பொருள். பணத்தைச் செலவிட்டோர் யாரிடம் கணக்குக் காட்டுவது என்பது அன்று. அதற்கு வேறொரு வழி கண்டனர். 1861-இல் பாராளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு அமைந்தது. 1866-ஆம் ஆண்டுச் சட்டம் தலைமைத் தணிக்கையாளர் பதவியை நிறுவி, இரு அவைகளும் வேண்டினாலன்றி அவரை நீக்கலாகாது எனக் காப்பளித்தது. ஆகவே இங்கிலாந்தில் இரு நோக்கங்களும், காலத்தால் முன்பின்னாயினும், நிறைவேறின.

இந்திய நிலை வேறு. தாய்நாட்டிற்கு முன்னரே, 1855-இல், இந்திய ஆட்சிப்பணிக்குப் போட்டித் தேர்வு இலண்டனில் நடைபெற்றது. அதன் பாடத்திட்டத்தை வகுத்த குழுவின் தலைவர் டிரெவெலியனின் மைத்துனர் மெக்காலே. மொத்த மதிப்பெண் 6,875. அவற்றுள் கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750, வடமொழிக்கு 375, அரபிக்கு 375. தமிழுக்கு இடமில்லை. தேர்ந்தபின் நாட்டுமொழி கற்றல் வேண்டும் என்ற விதி உண்டாயினும், தகுதி எது என்பதை அம்மொழி முடிவு செய்யவில்லை. தமிழ் பயில்வார் சற்றே நின்று நோக்கத்தக்க இடம் இது.

1859-இல் டிரெவெலியன் சென்னை ஆளுநரானார். மறு ஆண்டு, 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் நேர்ந்த பற்றாக்குறையை ஈடுசெய்யக் கல்கத்தாவின் நிதி உறுப்பினர் ஜேம்சு வில்சன் வருமான வரி முதலிய புதுவரிகளை முன்மொழிந்தார். செலவைக், குறிப்பாகப் படைச்செலவைச், சுருக்கினால் புதுவரி வேண்டா என மறுத்தெழுதிய டிரெவெலியன், அக்குறிப்பைச் செய்தித்தாள்களிலும் வெளியிடச் செய்தார். இலண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

அரசின் உட்கருத்து வேற்றுமையை ஊரறியச் செய்தல் பணியொழுங்குக்குப் பொருந்தாது என்பர். விதிப்படி அஃது உண்மையே. ஆயினும் வேறெங்கு அதனை எடுத்துரைப்பது என்னும் வினா எழுகின்றது. வரி செலுத்துவோர் சார்பில் ஓர் இந்தியரேனும் அந்நாளைய சட்டமன்றத்தில் இல்லை. 1862-இலேதான் முதன்முதல் அமர்ந்தனர். தில்லியில் ஓர் அலுவலரின் ஊழலை வெளிப்படுத்தியபோது உயர்வு பெற்றவர், சென்னையில் அரசின் செலவை வெளிப்படுத்தியபோது பதவி இழந்தார். ஆள்பவர் தம் அலுவலரைக் கண்காணித்தல் ஒன்று. ஆளப்படுவோர் ஆள்பவரைக் கேட்டல் பிறிதொன்று. முன்னதையே அவ்வரசு சீர்திருத்தம் எனக் கொண்டது என்பது எம் துணிபு. 1863-இல் நிதி உறுப்பினராகவே டிரெவெலியன் மீண்டு வந்தார் என்பதும் கருதத்தக்கது. அவர் திறனை எவரும் ஐயுறவில்லை.

அதே 1863-இல் சத்தியேந்திரநாத தாகூர் அத்தேர்வில் வென்ற முதல் இந்தியரானார். இந்திய மண்ணில் அத்தேர்வு நிகழ 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நடு அரசின் பொதுக்கணக்குக் குழு 1921-இல் தோன்றியது. இங்கிலாந்திற்கு 60 ஆண்டுகள் பின்னர். அதற்குத் தலைமை தாங்கியவரோ செலவிடும் அரசின் நிதி உறுப்பினரே. நிதிப்பொறுப்பாளரே தலைமை ஏற்கும் அம்முறை, குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950-இலேதான் நீங்கிற்று.